கரண்ட் போனால் எத்தனை நிமிடம் தாங்கும்?

ஜெனரேட்டருக்கு ஆட்டோ சேஞ்ச் ஓவர் வாங்கும் முன்...

"வீட்டில் பத்துக் கறவை மாடுகள் இருக்கின்றன. மழை, புயல் என்றால் கரண்ட் போய்விடுகிறது. 5 கே.வி.ஏ ஜெனரேட்டர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். கரண்ட் போனதும் தானாக ஜெனரேட்டரை ஓட்டி, வந்ததும் தானாக நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதாமே, எந்தக் கம்பெனி நல்லது?" காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள கூரத்திலிருந்து வந்த கேள்வி இது. ஐப்பசி பிறந்து மேகம் கறுக்கும்போது இதே கேள்வி பல ஊர்களிலும் எழும்.

கம்பெனி பெயர் கடைசியில் பார்க்க வேண்டிய சங்கதி. அதற்கு முன், கரண்ட் போனால் அந்த வீட்டில் எத்தனை நிமிடத்துக்குப் பிறகு நஷ்டம் தொடங்கும் என்று தெரிய வேண்டும். அதைக் கணக்குப் போடாமல் கடைக்குப் போகிறவர் ஒன்று தேவையில்லாததை வாங்கி வருவார். இல்லையென்றால் தேவையானதை அரைகுறையாக வாங்கி வருவார்.

கூரம் பழைய ஊர். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு இங்கே கிடைத்திருக்கிறது. 7-ம் நூற்றாண்டு. பாலாற்றிலிருந்து ஏரிக்குக் கால் வெட்டிய செய்தியும் அதில் உண்டு. மடையைத் திறந்தால் தண்ணீர் வந்த காலம் அது. இன்றைக்கு அதே ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் மோட்டார் ஓட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப நாள்கணக்கானது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா, டெல்டாவில் இதைவிடக் கொடுமை. அங்கே வாரக்கணக்கில் இருட்டு. வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போதும் வட மாவட்டங்கள் இருட்டில் கிடந்தன. ஆகவே வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் என்ற எண்ணம் வீண் செலவு என்று சொல்வதற்கில்லை. அதை வீட்டு ஒயரிங்குடன் சேர்க்கும் இடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும்.

இருதலை பிளக் என்னும் எமன்

கிராமங்களில் வழக்கமாக நடப்பது என்ன? ஒரு ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டுகிறார்கள். ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகி, மறு முனையை வீட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் செருகிவிடுகிறார்கள். வீடு முழுக்க விளக்கு எரியும். "மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் செருகுறோம்" என்பார்கள். ஒரு நாள் மறந்துபோகும். அல்லது பெரியவர் ஆஃப் செய்ததைச் சின்னவர் வந்து ஆன் செய்வார்.

மெயின் ஆனில் இருக்கும்போது ஜெனரேட்டர் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாகக் கம்பத்துக்கு ஏறி, டிரான்ஸ்பார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், பின்பக்கமாகக் கரண்ட் கொடுத்தால் குறைந்த வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி மேல் லைனுக்கு அனுப்பும். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. ஊர் முழுவதும் லைனில் இருந்தால் அத்தனை வீட்டு லோடையும் இழுக்க முடியாமல் சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். ஆனால் புயலில் கம்பி அறுந்து, நாலு வீடு மட்டும் துண்டாகத் தொங்கும் இடத்தில் பாரம் குறைவு. அங்கே அது நிற்காமல் ஓடும். அந்த அறுந்த கம்பியைக் கட்டத்தான் மழையில் நனைந்தபடி லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார்.

ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு, எர்த் ராடு மாட்டித்தான் அவர் வேலை செய்ய வேண்டும். விதி அது. ஆனால் புயலுக்கு மறுநாள் ஒரே ஆள் பத்து ஊருக்கு ஓடும்போது எது விட்டுப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் சரியாக இருந்து கரண்ட் திடீரென்று வந்தாலும் ஆபத்து வீட்டுக்குத்தான். ஈ.பி. கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒரே ஒயரில் மோதினால் ஜெனரேட்டரின் காயில் எரியும். சில நேரம் தீயும் பிடிக்கும்.

ஆகவே, கை சுவிட்சோ ஆட்டோ சுவிட்சோ, இரண்டு கரண்டும் எந்த நிலையிலும் ஒன்று சேர வழியே இல்லாத அமைப்புதான் முதல் தேவை. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் அதற்காகவே பிறந்தது. கைப்பிடி மேலே இருந்தால் ஈ.பி., கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் இருந்தால் எதுவும் இல்லை. ஒரே கைப்பிடி இரண்டு பக்கமும் இருக்க முடியாது. மறதிக்கு அங்கே இடமில்லை.

நிமிடக் கணக்கு

இனி, அந்தக் கைப்பிடியை ஆள் திருப்ப வேண்டுமா, தானாகத் திரும்ப வேண்டுமா என்பதைப் பார்க்கலாம்.

பத்து மாடு உள்ள வீட்டில் காலை நாலரை மணிக்குக் கறவை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கரண்ட் போகிறது. கறவை இயந்திரம் நிற்கிறது. கொட்டகையில் ஆள் இருக்கிறார். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஜெனரேட்டரை ஓட்டி, கைப்பிடியைத் திருப்ப ஐந்து நிமிடம் ஆகும். மாடு கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். பாலுக்கு நஷ்டம் இல்லை. இரவில் கரண்ட் போனால் மாட்டுக்கு அது தெரியவே தெரியாது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் உள்ளே இருக்கும் மாவும் தடுப்பு மருந்தும் சில மணி நேரம் தாங்கும். இந்த வீட்டுக்கு ஆட்டோ சுவிட்ச் ஆடம்பரம்.

பக்கவாட்டில் வலை கட்டிய திறந்த கோழிக் கொட்டகையும் அப்படித்தான். காற்று தானாக வருகிறது. மூடிய சூழல் கட்டுப்பாட்டுக் கொட்டகை என்றால் கதை வேறு. பெரிய விசிறிகள்தான் அங்கே மூச்சு. சித்திரை வெயிலில், விற்பனைக்குத் தயாரான எடையில் கோழிகள் நெருக்கமாக நிற்கும்போது விசிறி நின்றால், கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் கோழிகள் சாகத் தொடங்கும். ஆள் தூங்கி எழுந்து, சாவியைத் தேடி, வழியில் செருப்பைத் தேடி வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். அங்கே ஆட்டோ சுவிட்சும் வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் கத்துகிற பேட்டரி அலாரமும் வேண்டும்.

பயோபிளாக் மீன் தொட்டியும் இந்த ரகம்தான். காற்று ஊதும் பம்ப் நின்றால், நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் அரை மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். சிறிய தொட்டி என்றால் ஜெனரேட்டரை விட்டுவிட்டு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வைப்பதே மலிவு. வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்து யாரையாவது பராமரித்தால் ஆட்டோ சுவிட்சைக்கூட முழுதாக நம்பக் கூடாது. இன்வெர்ட்டர் ஒன்றும், மருத்துவர் சொன்ன அளவில் நிரப்பிய சிலிண்டர் ஒன்றும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இடைப்பட்ட வீடுகளும் உண்டு. பிள்ளைகள் எல்லாம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போய்விட, இரவில் வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீடு. மழை இருட்டில் 70 வயதுப் பெரியவரைக் கொட்டகைக்கு அனுப்பிக் கைப்பிடி திருப்பச் சொல்வது நியாயமில்லை. மாட்டுக்காக இல்லாவிட்டாலும் அவருக்காக ஆட்டோ சுவிட்ச் வாங்கலாம். அல்லது இரண்டு விசிறி, நாலு விளக்குக்கு ஒரு இன்வெர்ட்டர் போதும் என்று முடித்துவிடலாம். பெரும்பாலான வீடுகளுக்கு இன்வெர்ட்டரும் கை சேஞ்ச் ஓவரும் சேர்ந்த ஏற்பாடே பொருத்தம். கரண்ட் போன நொடியில் விளக்கை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். மோட்டார் ஓட வேண்டிய நேரத்தில் மட்டும் ஜெனரேட்டரை ஓட்டினால் டீசலும் மிச்சம்.

5 கே.வி.ஏ போதுமா?

கூரம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விளக்கு, விசிறி, டி.வி., குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சேர்ந்து சுமார் 1 கே.வி.ஏ. கறவை இயந்திரத்துக்கு 1 ஹெச்.பி. மோட்டார் என்றால் சுமார் 1.1 கே.வி.ஏ. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 ஹெச்.பி. மோட்டார் இன்னொரு 1.1. புல் நறுக்கும் இயந்திரம் 2 ஹெச்.பி., சுமார் 2.2. கூட்டினால் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. 5 கே.வி.ஏ. தாங்காது. அதோடு மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதையும் சேர்த்தால், 2 ஹெச்.பி. மோட்டார் ஒன்றே ஜெனரேட்டரை மூச்சுத் திணற வைத்துவிடும்.

இதற்குப் பெரிய ஜெனரேட்டர் வாங்கத் தேவையில்லை. புல் நறுக்கும் இயந்திரத்தை ஜெனரேட்டர் பக்கமே சேர்க்காமல் விட்டுவிட்டால் போதும். புல்லைக் கரண்ட் இருக்கும்போது நறுக்கிக்கொள்ளலாம். ஒரு நாள் கத்தியால் வெட்டினாலும் ஒன்றும் ஆகாது. மிச்சம் மூன்றேகால் கே.வி.ஏ. கறவையும் தண்ணீரும் ஒன்று முடிந்து இன்னொன்று என்று ஓட்டினால் 5 கே.வி.ஏ. தாராளம். பெரிய ஜெனரேட்டரை வாங்கிச் சின்ன லோடில் ஓட்டினால் டீசல் முழுதாக எரியாமல் சைலன்சரில் கறுப்பு எண்ணெய் வடியும். முழுத் திறனில் மூன்றில் ஒரு பங்காவது லோடு இருக்க வேண்டும்.

வயல் போர்வெல் மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது விவசாய இணைப்பு. வீடு தனி இணைப்பு. இரண்டையும் ஒரு சேஞ்ச் ஓவரில் கோத்தால் இலவச மின்சாரம் வீட்டுக்குள் வந்த குற்றமாகிவிடும். 5 ஹெச்.பி. போர்வெல்லை ஜெனரேட்டரில் ஓட்ட வேண்டுமானால், மோட்டார் நேராகத் தொடங்கும் வகையென்றால் 10 கே.வி.ஏ.க்குக் குறையாமல் மூன்று பேஸ் ஜெனரேட்டர் வேண்டும். அதற்குச் சேஞ்ச் ஓவரும் போர்வெல் ஷெட்டில் தனியாகத்தான்.

சுவிட்சில் என்ன பார்க்க வேண்டும்

முதலில் ஆம்பியர். சிங்கிள் பேஸ் 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முழு லோடில் ஏறக்குறைய 22 ஆம்பியர் கொடுக்கும். அதனால் 25 ஆம்பியர் சுவிட்ச் போதும் என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஜெனரேட்டர் ஓடுவது வருடத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் அந்தச் சுவிட்ச் வழியாகப் போவது ஈ.பி. கரண்ட். வீட்டு மெயினில் 40 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால் சுவிட்சும் 40-க்குக் குறையக் கூடாது. 63 என்றால் இன்னும் நல்லது. குறைவாக வாங்கிய சுவிட்ச், ஜெனரேட்டர் ஓடாத நாளில்தான் கருகும்.

அடுத்தது போல். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு 2 போல், மூன்று பேஸுக்கு 4 போல். பேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலை இரண்டுக்கும் பொதுவாக விட்டால் செலவு கொஞ்சம் குறையும். அந்த மிச்சம் வேண்டாம். நியூட்ரல் பொதுவாக இருந்தால் அது வழியாகவே ஈ.பி. லைனுக்குக் கரண்ட் கசிய வழி உண்டு. உயிர்காக்கும் ஆர்.சி.சி.பி.யும் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். விழுகிறதே என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள், அங்கேதான் வினை. மூன்று பேஸில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நியூட்ரல் கடைசியில் விலகி முதலில் சேர வேண்டும். பேஸ் ஒட்டியிருக்க நியூட்ரல் மட்டும் விட்டுவிட்டால் 230 வோல்ட் பல்புக்கும் டி.வி.க்கும் 400 வோல்ட் வரை போய் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். நல்ல 4 போல் சுவிட்சில் இது உள்ளேயே அமைந்திருக்கும்.

சுவிட்சின் உடலில் சின்ன எழுத்தில் ஏ.சி-31 அல்லது ஏ.சி-33 என்று ஒரு குறி இருக்கும். ஏ.சி-31 ஹீட்டர் போன்ற அமைதியான லோடுக்கானது. மோட்டார் உள்ள பண்ணைக்கு ஏ.சி-33. மாற்றுச் சுவிட்சுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ்./ஐ.இ.சி. 60947, பகுதி 6, பிரிவு 1. இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

கை சேஞ்ச் ஓவர் வாங்குகிறவருக்கு இவ்வளவு போதும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். ஆட்டோவுக்குப் போகிறவர் தொடர்ந்து படிக்கலாம்.

ஆட்டோவில் இரண்டு ரகம்

ஊர்ப்புறப் பேனல் கடைகளில் இரண்டு கன்டாக்டரையும் ஒரு ரிலேயையும் பெட்டியில் பொருத்தி 'ஆட்டோ சேஞ்ச் ஓவர்' என்று தருவார்கள். இன்னொரு ரகம், உள்ளே சின்ன மோட்டாரோ சொலினாய்டோ வைத்து, கை சேஞ்ச் ஓவர் போன்ற ஒரு சுவிட்சையே தள்ளித் திருப்புவது. முதல் ரகம் விலை குறைவு.

நகரத்தில் இரண்டுமே ஓடும். கிராமத்து லைனுக்கு இரண்டாவதே மேல். கன்டாக்டர் ஒட்டியிருக்க வேண்டுமானால் அதன் காயிலுக்கு இரவும் பகலும் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது அது பிடித்தும் பிடிக்காமலும் 'கிர்ர்' என்று உதறும். உதறும்போது பொறி பறந்து பாயின்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். ஈ.பி. பக்கக் கன்டாக்டர் இப்படி ஒட்டிக்கொண்ட நிலையில், ஜெனரேட்டர் பக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மேலே சொன்ன இருதலை பிளக் கதைதான். விலைக்காகக் கன்டாக்டர் ரகமே எடுத்தாலும், இரண்டுக்கும் நடுவே இரும்புத் தண்டு போன்ற இயந்திரப் பூட்டு இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். ஒயரில் மட்டும் பூட்டு வைத்திருந்தால் போதாது. மோட்டார் ரகத்தில் சுவிட்ச் ஒரு நிலைக்கு வந்தபின் கரண்ட் இல்லாமலே அங்கேயே நிற்கும். ஆட்டோ பழுதானால் கையால் திருப்பக் கைப்பிடியும் தருவார்கள். நடுவில் ஆஃப் நிலை உள்ளதாக வாங்க வேண்டும்.

கரண்ட் போனதை அது எப்படி உணர்கிறது என்பதும் முக்கியம். மலிவான பெட்டி ஒரே ஒரு பேஸை மட்டும் பார்க்கும். டிரான்ஸ்பார்மரில் வேறொரு பேஸின் பீஸ் போனால் அதற்குத் தெரியாது. விசிறி மோட்டார்கள் இரண்டு பேஸில் உறுமி எரிந்துகொண்டிருக்க, பெட்டியில் பச்சை விளக்கு பளிச்சென்று எரியும். மூன்று பேஸையும், அவற்றின் வரிசையையும் பார்க்கும் ரிலேதான் வேண்டும். ஜெனரேட்டரின் பேஸ் வரிசை மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். விசிறி காற்றை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கும். முதல் நாளே ஓட்டிப் பார்த்துத் திருத்திவிட வேண்டும்.

எத்தனை வோல்ட்டுக்குக் கீழே போனால் 'கரண்ட் இல்லை' என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ரிலேயில் வைக்கலாம். 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது விதி. அதாவது 216 முதல் 244 வரை. லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு மாலையில் 200 வந்தால் பெரிய விஷயம். கம்பெனியில் வைத்த அளவிலேயே விட்டால் தினமும் சாயங்காலம் ஜெனரேட்டர் தானாக ஓடி டீசலைக் குடிக்கும். மாலை 6 மணி முதல் 10 மணி வரை ஒரு வாரம் வோல்டேஜைக் குறித்து வைத்து, அதைப் பார்த்து எலக்ட்ரீஷியன் அளவை வைக்கட்டும். விழும் அளவும் திரும்பும் அளவும் ஒன்றாக இருக்கக் கூடாது. 185-ல் விழுந்தால் 200-க்கு வந்த பிறகு திரும்பட்டும். இல்லாவிட்டால் சுவிட்ச் ஊஞ்சலாடும்.

நேரமும் அப்படித்தான். கரண்ட் போனதும் மூன்று முதல் ஐந்து நொடி பொறுக்க வேண்டும். கண் சிமிட்டும் கரண்டுக்கெல்லாம் இன்ஜின் ஓடக் கூடாது. பிறகு ஸ்டார்ட், வோல்டேஜ் நிலைக்கப் பத்து நொடிக்கு மேல், அதன் பிறகு லோடு. எல்லாம் சேர்த்து அரை நிமிடம். திரும்பும்போது அவசரம் கூடாது. மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போகும். ஈ.பி. இரண்டு முதல் ஐந்து நிமிடம் நிலைத்த பிறகு மாறினால் போதும். மாறிய பிறகும் இன்ஜின் சூடு தணிய இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடும். "கரண்ட் வந்துடுச்சே, இன்னும் ஓடுதே" என்று ஓடிப்போய் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிடுங்கள், தானாக நிற்கும்.

ஜெனரேட்டருக்கும் அறிவு வேண்டும்

ஆட்டோ சுவிட்ச் வாங்கியாகிவிட்டது. ஜெனரேட்டரோ கயிறு இழுத்து ஓட்டும் பெட்ரோல் ரகம். இந்த ஜோடி வேலைக்காகாது. சாவி ஸ்டார்ட் உள்ள பெட்ரோல் ஜெனரேட்டரிலும் சோக்கை யார் இழுப்பது என்ற கேள்வி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் சைகையில் தானாக ஓடவும் நிற்கவும் கூடிய ஜெனரேட்டர்தான் இதற்குச் சரி. இன்ஜினை ஓட்டி நிறுத்தும் மூளையை ஏ.எம்.எஃப். பேனல் என்பார்கள். சில சுவிட்சில் அது உள்ளேயே இருக்கும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். விலை கேட்கும்போது "ஏ.எம்.எஃப். சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்காமல் விட்டால் பில் போடும்போது அதிர்ச்சி வரும். கை சேஞ்ச் ஓவரைவிடப் பல மடங்கு செலவு இங்கேதான் ஏறுகிறது.

2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வாங்கிய ஜெனரேட்டர்கள் இப்போது பழைய விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாம். ஆனால் ஆட்டோவுக்கு மாற்ற ஆகும் செலவை முதலில் கேட்டுவிட வேண்டும். புதிதாக வாங்குகிறவருக்கு, 2023 ஜூலை முதல் சி.பி.சி.பி. 4 பிளஸ் என்ற புதிய புகை விதி நடப்பில் உள்ளது.

இத்தனை செலவு செய்தும் தேவையான நேரத்தில் ஆட்டோ ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் 12 வோல்ட் பேட்டரிதான். மாதக்கணக்கில் சும்மா கிடந்து செத்துப்போயிருக்கும். பேட்டரிக்கு ஈ.பி.யிலிருந்து மெல்ல ஏற்றும் சார்ஜர் கட்டாயம் வேண்டும்.

மோட்டார் ஸ்டார்ட்டரையும் கவனிக்க வேண்டும். சாதாரண ஸ்டார்ட்டர் கரண்ட் போனதும் விழுந்துவிடும். மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தால் ஜெனரேட்டர் கரண்ட் வந்த நொடியில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பி இன்ஜினை நிறுத்திவிடும். ஒவ்வொன்றுக்கும் சில நொடி இடைவெளி வைக்க வேண்டும்.

வைக்கும் இடம், மாட்டும் ஆள்

சேஞ்ச் ஓவர் ஈ.பி. மீட்டருக்கும் வீட்டு மெயின் போர்டுக்கும் நடுவில் வர வேண்டும். சுவிட்ச் தானே ஷார்ட் சர்க்யூட்டைத் தடுக்காது. இரண்டு பக்கமும் தனித்தனி எம்.சி.பி. வேண்டும். ஜெனரேட்டரின் இரும்பு உடலை இரண்டு தனி எர்த் குழிகளுக்கு இரண்டு தனிக் கம்பியில் இணைக்க வேண்டும். மாட்டுக் கொட்டகை ஈரத்தில் இதை அலட்சியம் செய்தால் முதலில் விழுவது மாடு. மனிதர் செருப்புப் போட்டிருப்பார்; மாடு நாலு காலையும் ஈரத் தரையில் ஊன்றி நிற்கிறது.

பேனல் பெட்டியில் ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைக்காமல் விட்டால் பல்லியும் எறும்பும் குடியேறும். பல்லி ஒன்று இரண்டு பேஸுக்கு நடுவே படுத்தால் புது சுவிட்ச் அன்றைக்கே புகை. ஜெனரேட்டரை வீட்டுத் திண்ணையிலோ, அறைக்குள்ளோ, மாட்டுக் கொட்டகைக்குள்ளோ ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றம் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். மழைக்கு மறைப்பு வேண்டுமென்றால் நாலு பக்கமும் திறந்த தனிக் கூரை போட்டு, ஜன்னலை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும்.

வேலையை அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம்தான் கொடுக்க வேண்டும். ஜெனரேட்டர் வைக்கப்போவதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, வாங்கும் திறனுக்கு மின் ஆய்வாளர் அனுமதி தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

மாட்டியபின் மாதம் ஒரு நாள் சோதனை. பேனலில் உள்ள டெஸ்ட் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு வந்தால் சுவிட்ச் திரும்புகிறதா என்பது தெரியாது. ஈ.பி. மெயினை ஆஃப் செய்து, உண்மையாகவே கரண்ட் போனதுபோல் விட்டு, லோடுடன் கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். அமாவாசை அன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. எத்தனை நொடியில் மாறியது என்பதை மூடியின் உள்பக்கம் தேதியோடு எழுதி வைக்கலாம். நொடி கூடிக்கொண்டே போனால் பேட்டரி சாகப்போகிறது. அதே நாளில் டீசல் தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்து வடித்துவிட வேண்டும்.

மீட்டர் பெட்டியின் மேல் 'இங்கே ஜெனரேட்டர் உள்ளது' என்று பெயின்டில் எழுதிவைக்க வேண்டும். புயலுக்குப் பின் 94987 94987 மின்னகத்துக்கு போன் செய்து புகார் சொல்லும்போதும் இதைச் சொல்லலாம். லைன்மேன் தெருவுக்கு வந்து ஏணியைக் கம்பத்தில் சாய்க்கிறார் என்றால், வீட்டிலிருந்து ஒருவர் போய், "எங்க வீட்ல ஜெனரேட்டர் ஓடுது, சேஞ்ச் ஓவர் இருக்கு, வந்து பாருங்கண்ணே" என்று சொல்லிக் காட்டிவிட வேண்டும். அவர் சந்தேகப்பட்டால் வேலை முடியும்வரை ஜெனரேட்டரை நிறுத்திவிடலாம்.